சிறு எஞ்சின், பெரிய உழைப்பு – 9
பெட்ரோலை எதில் வைத்திருக்கிறீர்கள்?

செயின்சா ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுகிறோம், ஏர் ஃபில்டரைத் தட்டுகிறோம், தோள் வலிக்கும்வரை கயிற்றை இழுக்கிறோம். பக்கத்திலேயே இருக்கும் பெட்ரோல் கேனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்ற வாரம் கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தோம். அதை அடைக்கும் தூசியும் துருவும் தண்ணீரும் பல சமயம் கேனிலிருந்துதான் உள்ளே போகின்றன. அதனால் இந்த வாரம் கேன்.

தோட்டத்து மோட்டார் அறையில் பெட்ரோல் எதில் இருக்கிறது? தண்ணீர் பாட்டிலில், இல்லாவிட்டால் சமையல் எண்ணெய் தீர்ந்த கேனில். இந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, சற்றுத் தள்ளி எரியும் அடுப்பு வரைக்கும் போய்ப் பற்றிக்கொள்ளும். அதை அடைத்து வைக்கும் வலு தண்ணீர் பாட்டிலின் மூடிக்குக் கிடையாது. வெயிலில் வேலை செய்து தாகத்தோடு வருபவர் அவசரத்தில் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

சட்டம் சொல்வது

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அது இறுக்கமாக மூடிய உலோகம், கண்ணாடி அல்லது பீங்கான் கலத்தில் இருக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் 1 லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் 25 லிட்டர் வரை இருக்கலாம். அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இல்லை. ஆகவே நமக்கு ஏற்றது உலோக கேன்.

உலோக கேனின் நல்ல வடிவத்தை 1930-களிலேயே ஜெர்மன் ராணுவத்துக்காக உருவாக்கிவிட்டார்கள். இன்று 20 லிட்டர் ஜெர்ரிகேன் என்று கடையில் கிடைப்பது அதன் வாரிசுதான். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை மெல்லிய தகர டின்களில் பெட்ரோலைக் கொண்டுபோய், வழியெல்லாம் ஒழுகவிட்டது. பிறகு எதிரியிடம் கைப்பற்றிய கேன்களைப் போற்றிப் பயன்படுத்தி, அதே வடிவத்தில் தானும் செய்துகொண்டது. கேனின் மேலே மூன்று கைப்பிடிகள் இருக்கும். நிறைந்த கேனை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கலாம்; காலி கேன் இரண்டை ஒரே கையில் எடுத்துப் போகலாம். மூடி திருகும் வகையல்ல, நெம்பி அழுத்தும் வகை. ஊற்றும்போது காற்று உள்ளே போக வாயிலேயே தனி வழி இருப்பதால் குபுக் குபுக்கென்று சிந்தாது.

எவ்வளவு பெரியது?

வடிவம் நல்லது என்பதற்காக 20 லிட்டரே வாங்க வேண்டியதில்லை. செயின்சாவின் டேங்க் சுமார் அரை லிட்டர்தான் பிடிக்கும். 5 லிட்டர் கேன் ஒன்றில் பத்து முறை நிரப்பலாம். அதோடு, ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல.

அதற்கு முக்கியக் காரணம் எத்தனால். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் முதலில் உறிஞ்சுவது ஆயில் இல்லாத அந்த அடித்தண்ணீரைத்தான். எஞ்சின் ஓடினாலும் பிஸ்டனுக்கு வழவழப்பு கிடைக்காது. கடைசியில் சீஸ் ஆகிவிடும். சந்தேகம் வந்தால் கேனின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சிறிய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே கோடு போட்டதுபோல இரண்டு அடுக்காகத் தெரிந்தால் மெஷினில் ஊற்றாதீர்கள்.

ஆகவே ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் அளவே கேனின் அளவு. கலக்கும் கணக்கும் 5 லிட்டரில் எளிது: 50-க்கு 1 என்றால் 100 மில்லி ஆயில், 25-க்கு 1 என்றால் 200 மில்லி. எது உங்கள் மெஷினுக்கு என்பது அதன் கையேட்டில் இருக்கும். கலந்த கேனில் பெயின்டால் ‘ஆயில் கலந்தது’ என்றும், தேதியையும் எழுதுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் பவர் வீடருக்கு வெறும் பெட்ரோல். அதற்குத் தனி கேன்.

மூக்குதான் முக்கியம்

மரம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஐரோப்பிய நாடுகளில் இரட்டை கேன் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் 5 அல்லது 6 லிட்டர் பெட்ரோல், மறுபக்கம் அதில் ஏறக்குறைய பாதி அளவு செயின் ஆயில். அதன் மூக்கை டேங்கின் வாயில் வைத்து அழுத்தினால் பெட்ரோல் இறங்கும்; டேங்க் நிறைந்ததும் தானே நின்றுவிடும். அந்த கேன்கள் பிளாஸ்டிக்கில் வருபவை. நாம் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம்: 5 லிட்டர் உலோக கேன், அதற்குப் பொருந்தும் நீண்ட மெல்லிய மூக்கு, பக்கத்தில் தனியாகச் செயின் ஆயில். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஆயிலையும் நிரப்புவது பழக்கமாகிவிட்டால் செயின் காய்ந்து ஓடாது. செயினுக்கு வேஸ்ட் ஆயில் ஊற்றாதீர்கள்; அதிலுள்ள இரும்புத் துகள் ஆயில் பம்பைத் தேய்த்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

மூடிக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா? எத்தனாலைத் தாங்கும் வகையா என்று கேளுங்கள். கேனுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உட்பூச்சு உரிந்திருந்தாலோ துரு தெரிந்தாலோ வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி, கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். தேறினால் வீட்டில் நன்றாகக் காயவைத்த பிறகே பெட்ரோல்.

பங்க்கில் கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பக் கூடாது. தரையில் இறக்கி வைத்தால்தான் நிலை மின்சாரம் தரைக்குப் போகும். முழுக்க நிரப்பவும் வேண்டாம். 5 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 100 மில்லி பெருகும். அதற்கு இடம் வேண்டும். தோட்டத்தில் எஞ்சின் ஆறிய பிறகே ஊற்றுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷின் வாங்குகிறோம். அதற்குக் கெடாத பெட்ரோலும், அதைப் பிடித்து நிற்கும் ஆளுக்குப் பாதுகாப்பும் தருவது இந்த கேன். மெஷினோடு சேர்த்தே இதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

அடுத்த வாரம்: செயினுக்கு அரம் போடுவது எப்படி?