சீனப் பத்திரமும் மொழிபெயர்ப்புச் சான்றும்



மரக்காணம் உப்பைப் பாக்கெட் போட, நம்மில் சிலர் சீனத்து இயந்திரம் வாங்குகிறோம். சீன மொழி ஒப்பந்தத்தில் சிவப்பு முத்திரையைக் கண்டதும், சரியாகத்தான் இருக்கும் என்று பீரோவில் வைத்துவிடுகிறோம். தகராறு வந்தபின்தான் விழிக்கிறோம்.

தெரிந்தவர் எழுதித் தந்த தமிழாக்கத்தை நாமும் ஒருமுறை வக்கீலிடம் கொண்டு போனோம். "இதற்குப் பொறுப்பு யார்?" என்றார். நம்மிடம் பதில் இல்லை.

சீன எண்ணிக்கையில் 'வான்' என்றால் பத்தாயிரம். 'ஜின்' என்றால் 500 கிராம். ஜின்னைக் கிலோ என்று எழுதினால் சரக்கு இரட்டிப்பாகிவிடும்!

சீனாவில் நடந்த மத்தியஸ்தத் தீர்ப்பை இங்கே நிறைவேற்றக் கேட்பவர், 1996-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் 47-ஆவது பிரிவின்படி ஆங்கில மொழிபெயர்ப்பு தரவேண்டும். 'சரியானது' என்று அவருடைய நாட்டுத் தூதரக அதிகாரி சான்றளித்திருக்க வேண்டும். அல்லது இந்தியச் சட்டம் ஏற்கும் வேறு வகையில் சான்று இருக்கவேண்டும். எதிர்த்தரப்பு அப்படித் தாக்கல் செய்தால், மொழி தெரிந்த வேறொருவரிடம் நாமும் சரிபார்ப்பது நல்லது.

1952-ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டப்படி நோட்டரியும் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துச் சான்று தரலாம். ஆனால் சீனம் அறியாத நோட்டரியின் முத்திரை, மொழிபெயர்த்தவரின் கையெழுத்துக்குத்தான் சாட்சி, பொருளுக்கு அல்ல.

ஆகவே கையெழுத்திடும் முன்பே தகுதியுள்ளவரிடம் மொழிபெயர்ப்பு வாங்குவோம். முத்திரையிலுள்ள எழுத்துகளையும் விடாமல் பெயர்க்கச் சொல்வோம். இரு மொழிகளில் முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவோம். மொழிபெயர்ப்புக் கூலியை மிச்சம் பிடித்து, முதலை இழக்கவேண்டாம்.