அம்புநண்டு

நண்டென்றதும் அகன்ற ஓடும் தடித்த கவ்வுகால்களுமே கருத்தில் தோன்றும். அம்புநண்டு அவ்விலக்கணத்துக்கு முற்றும் மாறானது. ஏறக்குறைய 6 சதமமீற்றர் வரை வளரும் அதன் உடல் முன்புறம் ஒடுங்கி அம்பின் நுனிபோற் கூர்ந்திருக்கும். 10 சதமமீற்றர் வரை நீளும் கால்கள் சிலந்தியின் கால்களை நிகர்த்தன. செருமானிய அறிஞரான எர்ப்ஸ்ற்று 1788ஆம் ஆண்டிலே, சிலிர்போன்ற கொம்புடையது எனப் பொருள்படும் பெயரை இதற்குச் சூட்டினார்.

வட கரோலினா முதல் பிறேசில் வரையுள்ள அத்திலாந்திக்குக் கரையோரத்திலும் கரீபியக் கடலின் முருகைக்கற்பாறைகளிலும் இது வாழ்கின்றது. பகலிற் கடலனிமனியின் நச்சிழைகளருகிலோ, நீண்ட முட்களையுடைய கடல்முள்ளிகளின் நடுவிலோ ஒதுங்கியிருந்து, இரவிலே இரைதேடும். விரைந்தோடவோ பெரும்பகையுடன் பொரவோ ஏற்றதன்று இவ்வுடல். பிற உயிரின் படைக்கலத்தை அண்டியிருத்தலே இதன் அரண். எனவே, மறைவிடமற்ற தொட்டியில் இதனை விடுதல் கொடுமையேயாம்.

உவர்நீர்த் தொட்டி வைத்திருப்போர் பலர் இதனை அழகுக்காக அன்றி, ஒரு தொழிலுக்காகவே வாங்குகின்றனர். பாறைத் துண்டுகளுடன் தொட்டியிற் புகும் சிலிர்முட் புழுக்களை இது தின்னுமென்பது மெய். ஆயினும் அப்புழுக்களிற் பெரும்பாலானவை எஞ்சிய உணவையும் அழுகலையும் உண்டு தொட்டியைத் தூய்மையாக்குவன; அவற்றைப் பகையெனக் கருதுவதே பிழை. மேலும், பசித்த நண்டு நன்மை தீமை பார்ப்பதில்லை. விசிறிபோல் இழைவிரிக்கும் குழாய்ப்புழு, சிறு இறால், உறங்கும் சிறுமீன் ஆகியனவும் அதற்கு இரையாகும். மாலையில் விளக்கணைந்தபின் இறாற்றுண்டோ மீன்றுண்டோ இடின் இத்தீங்கு பெரிதுங் குறையும்.

நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 24 பாகை சதமவளவையிலும், தன்னீர்ப்பு 1.023க்கும் 1.025க்கும் இடையிலும் நிலைத்திருத்தல் வேண்டும். மீன்நோய்க்கு இடப்படும் செப்பு மருந்து நண்டுக்கு நஞ்சாகும். ஒரு தொட்டிக்கு ஒரு நண்டே தகும்; இரண்டு ஆண்கள் கூடின் போர் நிகழும். பேத்தை, கிளாத்தி முதலிய மீன்களோ நண்டையே தின்றுவிடும்.

வளருங்காலத்தில் நண்டு தன் ஓட்டைக் கழற்றும். கழன்ற ஓடு முழு நண்டுபோலவே கிடத்தலால், புதிதாக வளர்ப்போர் அது இறந்ததென வருந்துவதுமுண்டு. மெல்லுடலுடைய நண்டோ கற்பிளவில் ஒளிந்திருக்கும். இழந்த கால் இவ்வாறு ஓடு கழலும்போதே மீண்டும் முளைக்கும். சிலந்திநண்டினத்திற் பெரும்பாலானவை முதிர்ச்சியடைந்தபின் ஓடு கழற்றுவதில்லை. ஆதலின் முதிர்ந்த நண்டின் ஒடிந்த கால் மீளுதல் அரிது. வலையின் கண்களில் இக்கால்கள் எளிதிற் சிக்கி ஒடியும். ஆகவே இடமாற்றும்போது வலையை விலக்கி, ஒரு கிண்ணத்தை நீருள் அமிழ்த்தி, நண்டை நீருடனேயே முகந்தெடுத்தல் வேண்டும்.