ஊசி தொடும் முன்னே ஒலிப்பது எது?

இசைத்தட்டு இன்னும் சுழலவே தொடங்கவில்லை. பெருக்கியின் விசையைத் தட்டியதும் ஒலிபெருக்கியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி கிளம்புகிறது. பாட்டு ஓங்கி ஒலிக்கும்போது அது மறைந்துவிடும். ஆலாபனையின் நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில், தம்புராவுக்குப் போட்டியாக இன்னொரு சுருதியாய் வந்து நிற்கும். பழுது பார்ப்பவர்கள் இதை 'ஹம்' என்பார்கள். நாம் ரீங்காரம் என்று வைத்துக்கொள்வோம். அதே பெருக்கியில் வானொலியை இணைத்தால் ரீங்காரம் இல்லை. இசைத்தட்டுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

கம்பிச் சுருளின் அருகில் காந்தப் புலம் மாறிக்கொண்டே இருந்தால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். இது ஃபாரடே 1831இல் கண்ட உண்மை. மோட்டார்களுக்குப் பேர்போன எங்கள் கோவை வட்டாரத்தில், காயில் கட்டும் பட்டறையில் வேலை பழகும் இளைஞருக்கும் இது தெரியும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் வேலை செய்வதும் இதே விதியால்தான். ஊசி நடுங்க, அதனுடன் ஒரு சிறு காந்தம் நடுங்க, பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் எவ்வளவு? சுமார் 5 மில்லிவோல்ட். அந்தக் காலத்துச் சிறிய ரெக்கார்டு பிளேயர்களில் இருந்த படிகக் கார்ட்ரிட்ஜ் இதைப்போல் பல பத்து மடங்கு, அரை வோல்ட் வரையிலும்கூடத் தந்தது. தாத்தாவின் பெட்டியில் கேட்காத ரீங்காரம் பேரனின் விலையுயர்ந்த கருவியில் கேட்பதற்கு முதற் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் சுவையானது. தாழ்ந்த சுரங்களை உள்ளபடியே தட்டில் வெட்டினால் பள்ளங்கள் மிக அகலமாக வளைந்து, ஒரு பக்கத்தில் சில நிமிடப் பாட்டே அடங்கும். எனவே பதிவின்போது அவற்றைக் குறைத்து வெட்டுகிறார்கள். கேட்கும்போது பெருக்கி அவற்றை உயர்த்திக் கொடுக்கிறது. 1954 முதல் இதற்குப் பொதுவான ஓர் அளவு வழக்கத்தில் உள்ளது. அதன்படி 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏழு மடங்கு அதிகமாகப் பெருக்கப்படுகிறது. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதே 50 ஹெர்ட்ஸ்! அழையாமல் வந்த விருந்தாளிக்குத் தலைவாழை இலையே போட்டுவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவியிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் சைகைக் கம்பியும் எர்த் கம்பியும் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன என்க. அவை அடைக்கும் பரப்பு 0.1 சதுர மீட்டர். மின்மாற்றிக்கு அருகில் 1 மைக்ரோடெஸ்லா அளவு மாறுகின்ற புலம் இருப்பது சாதாரணம். புவியின் காந்தப் புலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். 2 × 3.14 × 50 × 0.000001 × 0.1 என்று பெருக்கினால் ஏறத்தாழ 31 மைக்ரோவோல்ட் வருகிறது. இது முழுதும் சைகையில் கலந்தால் 5 மில்லிவோல்ட்டில் 160இல் ஒரு பங்கு. ஏழு மடங்கு உயர்வுக்குப் பின் 23இல் ஒரு பங்கு ஆகிவிடும். காதுக்குத் தப்புமா?

இனி எதிரியைத் தேடுவோம். கம்பிகளைப் பிடுங்கும் முன் ஒலியளவை முழுதும் குறைத்துவிடுங்கள். குறைத்த பிறகும் ரீங்காரம் மாறாமல் கேட்டால் குற்றவாளி பெரும்பாலும் பெருக்கிக்குள்ளேயே இருக்கிறான்: மாறுதிசை மின்னோட்டத்தைத் திருத்தியபின் அதைச் சமப்படுத்தும் மின்தேக்கி உலர்ந்து போயிருக்கலாம். அந்த ஒலி 100 ஹெர்ட்ஸ்; 50 ஹெர்ட்ஸ் ஸட்ஜம் என்றால் இது மேல் ஸட்ஜம். அந்த மின்தேக்கி இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். ஆகவே பெட்டியைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒலியளவைக் குறைத்ததும் அடங்குகிறதா? தேர்வுத் திருகை வானொலிக்கு மாற்றுங்கள். ரீங்காரம் மறைந்தால் அது இசைத்தட்டின் பக்கம் இருந்தே வருகிறது. ஊசித் தண்டின் உலோகப் பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் ஒலி கூடினாலோ குறைந்தாலோ, கருவியின் உடலிலிருந்து பெருக்கிக்கு வரும் மெல்லிய எர்த் கம்பி கழன்றிருக்கிறது. பெருக்கியின் பின்புறத் திருகில் அதை இறுக்கினால் தீர்ந்தது. ஒரு பக்க ஒலிபெருக்கியில் மட்டும் ரீங்காரம் என்றால் இடது, வலது செருகிகளை மாற்றிச் செருகுங்கள். ரீங்காரமும் பக்கம் மாறினால் பழுது கருவியிலோ அதன் கம்பியிலோதான்; கார்ட்ரிட்ஜின் பின்னுள்ள நான்கு சிறு முனைகளில் ஒன்று தளர்ந்திருக்கும், அல்லது களிம்பேறியிருக்கும். ஊசியை இறக்காமல் தண்டைக் கையால் நகர்த்தும்போது ஒலி ஏறி இறங்கினால், பக்கத்து மின்மாற்றியின் புலம் தாக்குகிறது. பெருக்கியைத் தள்ளி வையுங்கள். தொலைவை இரட்டித்தால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். கம்பிகளையும் சேர்த்துக் கட்டுங்கள். மேற்சொன்ன கணக்கில் பரப்பு சுருங்கினால் மின்னழுத்தமும் சுருங்குமன்றோ?

பெரியநாயக்கன்பாளையத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் இவை எதுவும் பலிக்கவில்லை. தேர்வுத் திருகை எங்கே திருப்பினாலும் ரீங்காரம் இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி வந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியின் கேபிள் கம்பியைப் பிடுங்கியதும் 'சட்'டென்று நின்றது. அந்தக் கம்பியின் வெளி உறைக்குத் தெருவில் எங்கோ ஓர் எர்த்; பெருக்கிக்கு வீட்டில் ஓர் எர்த். இரண்டு இடத்து மண்ணும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வேறுபாடு, தொலைக்காட்சியைப் பெருக்கியுடன் இணைத்த கம்பியின் உறை வழியே மின்னோட்டத்தை ஓட்டியது. இதற்கு எர்த் வளையம் என்று பெயர்.

முன்பு வந்து பார்த்த ஒருவர், பெருக்கியின் மூன்று முனைச் செருகியில் தடித்த முனையை வெட்டிவிடச் சொன்னாராம். வெட்டினால் வளையம் அறுபடும், ரீங்காரமும் நிற்கும்; அதனால்தான் இந்த யோசனை இத்தனை பேரிடம் செல்லுபடியாகிறது. ஆனால் உள்ளே காப்புறை கெட்டு 230 வோல்ட் உலோகப் பெட்டியில் ஏறும் நாளில், ஃபியூஸை எரித்து மின்சாரத்தை நிறுத்துவது அந்தத் தடித்த முனைதான். அது இல்லையென்றால் பெட்டியைத் தொடும் கையே மண்ணுக்கு வழி. உடல் வழியே 30 மில்லிஆம்பியர் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. அதைச் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மாறாக, கோடையில் காய்ந்து கிடந்த எர்த் குழியில் நீர் ஊற்றச் செய்தோம். அது ரீங்காரத்துக்கு மருந்தல்ல, வீட்டுக்குப் பாதுகாப்பு.

வளையத்தை அறுத்தது வேறு வழியில். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகினோம். தொலைக்காட்சியின் ஒலியைச் செம்புக் கம்பியில் அனுப்பாமல் ஒளியிழை வழியே பெருக்கிக்குக் கொடுத்தோம். ஒளி சைகையைச் சுமக்கும், மின்னோட்டத்தைச் சுமக்காது. இப்போது ஒலிபெருக்கியில் காதை ஒட்டி வைத்தால் மட்டும் ஏதோ மெல்லக் கேட்கிறது. அந்த அளவு எந்தக் கருவியிலும் இருக்கத்தான் செய்யும்.