ஆங்கில வினாத்தாளும் நமது தமிழும்

வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்பட்டதும் நமது பிள்ளைகள் முதலில் தேடுவது பொது அறிவுப் புத்தகம். அடுத்தது நுண்ணறிவு வினாத்தொகுதி. ஆங்கிலத்தின் முறை கடைசியில்தான் வரும். "அதக் கடைசி ரெண்டு கிழமையில பாத்துக்குவம் சேர்" என்பார்கள். பரீட்சை எழுதி முடித்தபின், "மத்ததெல்லாம் சரி சேர், இங்கிலீஸ்தான் கவுத்துப் போட்டுட்டு" என்று வந்து நிற்பதும் அவர்களேதான்.

சில மாதங்களுக்கு முன் பட்டதாரிப் பிள்ளையொருவர் தன் உம்மாவுடன் என்னைத் தேடி வந்தார். ஒரே போட்டிப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஆங்கில வினாத்தாளில் தவறியவர். "வயசெல்லை அடுத்த வருஷத்தோட முடியுது சேர். இன்னும் ஒரே ஒரு தடவதான் எழுதலாம்" என்றார். கையில் இரண்டு கொப்பிகள். ஒன்றில் காலங்களின் அட்டவணை முழுவதும் இருந்தது. மற்றதில் நூற்றுக்கணக்கான சொற்கள், பக்கத்தில் தமிழ்க் கருத்துடன். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கடந்தகால வினாத்தாளொன்றைக் கொடுத்து என் முன்னாலேயே செய்யச் சொன்னேன். 17 பிழைகள். அவற்றை வகை பிரித்துப் பார்த்தபோது 13 பிழைகள் ஐந்தே ஐந்து இடங்களில் விழுந்திருந்தன. அந்த ஐந்தும் தமிழும் ஆங்கிலமும் வெவ்வேறு பாதையில் பிரிகின்ற சந்திகள். விதிகள் முழுவதையும் மனனம் செய்வதை விட, நமது தமிழ் நம்மை எங்கே தவறான பக்கம் திருப்புகிறது என்று கண்டு, அந்த இடங்களில் பயிற்சி செய்வதே போட்டிப் பரீட்சைக்குப் பயன் தரும் வழி.

ஏன் இது அவசியமாகிறது?

சித்திலெவ்வை 19ஆம் நூற்றாண்டிலேயே முஸ்லிம்கள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். 1935இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிம் ஆனார். அன்று அந்த வாசலுக்கு ஆங்கிலமே திறவுகோல். இன்று சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. நிர்வாக சேவைப் பரீட்சையைக் கூடத் தமிழில் எழுதலாம். ஆனால் வங்கிகளும் பல சேவைகளும் ஆங்கில அறிவைத் தனியாகச் சோதிக்கின்றன. நமது பாடசாலைப் பிள்ளையோ, சாதாரண தரத்தோடு ஆங்கிலத்தைக் கைவிட்டு விடுகிறது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் உண்டுதான். அதன் புள்ளி இஸட் புள்ளியில் சேராது என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பதினாறு வயதில் மூடிய புத்தகத்தை இருபத்தைந்து வயதில் திறந்தால் எல்லாம் மறந்துதான் போயிருக்கும்.

ஐந்து சந்திகள்

முதலாவது, 'எ', 'அன்', 'த' என்னும் சிறு சொற்கள். "அவர் ஆசிரியர்" என்றால் தமிழில் வசனம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஷீ இஸ் டீச்சர்' என்றால் பிழை, 'ஷீ இஸ் எ டீச்சர்' என்பதே சரி. 'எ' வருமா 'அன்' வருமா என்பதற்கு நமது தமிழ் எழுத்தே உதவும். அடுத்து வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தானால் 'அன்', உயிர்மெய்யானால் 'எ'. 'யுனிவர்சிட்டி' என்பது 'யு'வில் தொடங்குகிறது, ஆகவே 'எ யுனிவர்சிட்டி'. மணித்தியாலத்தைக் குறிக்கும் 'அவர்' உயிரில் தொடங்குகிறது, ஆகவே 'அன் அவர்'. 'எம்.பி.'யும் அப்படியே, 'அன் எம்.பி.' ஒரு கவனம் மட்டும் தேவை. நாம் பேச்சில் 'எம்.பி.'யை 'யெம்பி' என்றும் 'வுமன்' என்பதை 'உமன்' என்றும் சொல்லிப் பழகியவர்கள். உச்சரிப்புத் தவறினால் விடையும் தவறும்.

இரண்டாவது, காலம். "2010இல் நான் கண்டிக்குப் போயிருக்கிறேன்" என்பது நல்ல தமிழ். அதை அப்படியே கொண்டுபோய் 'ஐ ஹேவ் விசிட்டட் கேண்டி இன் 2010' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரம் ஒன்று குறிப்பிடப்பட்டால் 'ஹேவ்' வராது. 'ஐ விசிட்டட்' என்றே எழுத வேண்டும். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்', 'அகோ' ஆகியவற்றைக் கண்டாலும் இதே விதிதான். மறுபக்கம், "மூன்று வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்' என்று கேட்கிறது. நாம் 'ஐ ஆம் வேர்க்கிங்' என்று எழுதிப் புள்ளியை இழக்கிறோம்.

மூன்றாவது, வேற்றுமை உருபு. நாம் ஒரு விடயத்தைப் "பற்றி" கலந்துரையாடுகிறோம், அறைக்கு"ள்" நுழைகிறோம், கொழும்பு"க்கு"ப் போய்ச் சேருகிறோம். இதனால் 'டிஸ்கஸ் அபௌட்', 'என்டர் இன்டு த ரூம்', 'ரீச் டு கொழும்பு' என்றெல்லாம் எழுத வருகிறது. இந்த மூன்று வினைகளுக்கும் அந்த இடங்களில் இடைச்சொல் தேவையில்லை. 'டிஸ்கஸ் த மெட்டர்', 'என்டர் த ரூம்', 'ரீச் கொழும்பு', அவ்வளவுதான். 'லிஸன் டு', 'டிபெண்ட் ஒன்' போன்றவற்றை ஒரே சொல்லாகக் கருதி மனதில் பதிக்க வேண்டும். 'லிஸன்' என்று தனியாக எழுதி வைத்த கொப்பியால் பயனில்லை.

நான்காவது, பன்மை. தமிழில் தகவல்கள், ஆலோசனைகள், தளபாடங்கள், உபகரணங்கள் என்கிறோம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' ஆகியவற்றோடு 'ஸ்' சேர்க்கக்கூடாது. அவற்றுக்கு 'ஆர்' வராது, 'இஸ்'தான் வரும். பிழை காணும் வினாக்களில் இந்த நான்கும் அடிக்கடி தலைகாட்டும்.

ஐந்தாவது, எழுவாய். "விண்ணப்பதாரிகளின் பட்டியல்" என்பதில் தலைமைச் சொல்லான பட்டியல் இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'த லிஸ்ட் ஒஃப் கேண்டிடேட்ஸ்' என்று அது முன்னுக்குப் போய்விடுகிறது. வினைக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லையே எழுவாய் என்று நினைக்கும் நமது பழக்கம் 'கேண்டிடேட்ஸ் ஆர்' என்று எழுத வைக்கிறது. 'லிஸ்ட்' ஒன்றுதான், ஆகவே 'இஸ்'. 'ஒஃப்' என்ற சொல்லைக் கண்டால் அதற்கு முன்னால் பாருங்கள்.

தமிழ் எப்போதும் தடையாக இருப்பதில்லை. 'ஓல்தோ' என்று தொடங்கும் வசனத்தின் நடுவில் 'பட்' போடுவது பரவலான பிழை. 'ஓல்தோ' என்பது நமது "ஆலும்". "மழை பெய்தாலும் வந்தான்" என்கிறோம். "மழை பெய்தாலும் ஆனால் வந்தான்" என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் வைத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

சொற்களைச் சேர்ப்பது எப்படி?

அகர வரிசைப் பட்டியல் மறந்துபோகும். உறவுள்ள சொற்கள் நிலைக்கும். 'டிசைட்' என்றொரு சொல்லைப் படித்தால் 'டிசிஷன்', 'டிசைசிவ்', 'அன்டிசைடட்' ஆகியவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வசனம் அமையுங்கள். பரீட்சையில் கேட்கப்படுவது பெரும்பாலும் சொல்லின் கருத்து மட்டுமல்ல. வசனத்தில் அந்த இடத்துக்குப் பொருந்தும் வடிவமும்தான்.

நமக்கு இன்னொரு வாசலும் உண்டு. அரபு ஓதிய பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் சில சொற்கள் தூரத்து உறவினர். தீர்வையைக் குறிக்கும் 'டாரிஃப்', அறிவித்தல் என்ற கருத்துள்ள 'தஃரீஃப்' என்பதிலிருந்து போனது. 'மெகஸின்' களஞ்சியம் எனப் பொருள்படும் 'மக்ஸன்' என்பதிலிருந்தும், 'ஸீரோ', 'சைஃபர்' இரண்டும் 'ஸிஃப்ர்' என்பதிலிருந்தும் போயின. 'அல்ஜிப்ரா'வும் 'அட்மிரல்'உம் அரபு வழி வந்தவையே. தமிழிலிருந்தும் 'கட்டமரான்' போயிருக்கிறது. இப்படி ஒரு சொல்லின் ஊரைத் தெரிந்துகொண்டால் அது எளிதில் மறக்காது.

அன்றாடப் பயிற்சி

முதல் நாளில் இலக்கணப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்யுங்கள். பிழைகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான்கு பத்திகள் போதும்: நான் எழுதியது, சரியான விடை, தமிழில் அதை எப்படிச் சொல்வேன், ஏன் பிழைத்தேன். மூன்றாவது பத்திதான் முக்கியம், பிழையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். பிறகு நாளொன்றுக்கு 40 நிமிடம். 15 நிமிடம் ஒரே ஒரு சந்தியில் பயிற்சி, 15 நிமிடம் ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு பந்தியைச் சத்தமாக வாசித்தல், 10 நிமிடம் பழைய பிழைகளைத் திரும்பப் பார்த்தல். சுபஹுக்குப் பின்னுள்ள நேரம் பலருக்கும் வாய்ப்பானது. கிழமைக்கு ஒரு வினாத்தாள் செய்து, பிழை எந்தச் சந்தியில் குறைந்தது, எதில் குறையவில்லை என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் ராத்தாவோ நானாவோ இருந்தால் அவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பிறருக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால்தான் விதி நம்முடையதாகும்.

இதற்கு இரண்டு கிழமை போதாது. நான்கைந்து மாதமாவது வேண்டும். ஆகவே வர்த்தமானி வரும்வரை காத்திருக்கவே கூடாது.

அந்தப் பிள்ளை மூன்றாவது தடவையும் எழுதிவிட்டார். பெறுபேறு இன்னும் வரவில்லை. பரீட்சைக்கு முந்திய கிழமை செய்த வினாத்தாளில் அவருக்கு ஆறு பிழைகள். கொப்பியைக் காட்டிவிட்டுச் சொன்னார், "இந்த ஆறும் ஏன் பிழைச்சதெண்டு எனக்கே தெரியுது சேர்." அந்தக் கொப்பியை இப்போது அவரது தம்பி எடுத்து வைத்திருக்கிறார். அவர் இந்த வருடம்தான் உயர்தர வகுப்பில் சேர்ந்திருக்கிறார்.