தோட்டத்துச் சிறு கணினிக்கும் பராமரிப்பு தேவை

சாத்தூர் வட்டாரத்து வெள்ளரி, மிளகாய்த் தோட்டங்களில் மண் ஈரத்தை அளக்கவும், மழையளவைக் குறித்து வைக்கவும், சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடவும் உள்ளங்கையளவுள்ள ஒற்றைப் பலகைக் கணினிகளைப் பயன்படுத்தலாம். 2012-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை இவ்வகையில் பெயர் பெற்றது. கருவியை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. டிராக்டருக்கு எண்ணெய் மாற்றுவது போல, இதன் மென்பொருள் பட்டியலையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

பட்டியல் என்றால் என்ன?

இக்கணினியில் பெரும்பாலும் இயங்குவது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளமாகும். இதற்கான மென்பொருள்கள் பொதிகளாக இணையக் கிடங்கில் வைக்கப்பட்டுள்ளன. எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு அங்கு உள்ளது என்ற பட்டியலின் நகல் கணினியின் மெமரி கார்டில் இருக்கும்.

இதை வேளாண்மை விரிவாக்க மையத்தின் விதை இருப்புப் பட்டியலுக்கு ஒப்பிடலாம். சென்ற ஆண்டுப் பட்டியலை நம்பி உளுந்து விதை வாங்கப் போனால், அந்த ரகம் தீர்ந்து வேறு ரகம் வந்திருக்கும். அதுபோல, கிடங்கில் புதிய பதிப்பு வந்ததும் பழையது நீக்கப்படுவதுண்டு. பழைய பட்டியலை வைத்துக் கேட்டால், '404' என்ற எண்ணுடன் 'கிடைக்கவில்லை' என்று பதில் வரும். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இரண்டு கட்டளைகள்

'சூடோ ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' என்பதே புதிய பதிப்புகளை இறக்கி நிறுவும். முதலாவதோடு நிறுத்துவது, இருப்பைக் கேட்டுவிட்டு விதை வாங்காமல் திரும்புவதற்கு ஒப்பாகும். பாதுகாப்புத் திருத்தங்கள் இரண்டாவது கட்டளையால்தான் வந்து சேரும். இணையத்தோடு இணைந்து மோட்டாரை இயக்கும் கணினியில் இவை விடுபட்டால், வெளியார் புகுந்து மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் வழி ஏற்படும். மாதம் ஒருமுறை இவ்விரண்டையும் வரிசையாகச் செய்தல் நன்று. புதிதாக எந்த மென்பொருளை நிறுவுமுன்னும் முதல் கட்டளையைத் தவறாது இட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் நின்றாலும் ஓடும் கடிகாரம் இல்லை. ஐந்தாவதில் கடிகாரம் உண்டு. அதற்குரிய பேட்டரியைத் தனியே வாங்க வேண்டும். நீண்ட மின்தடைக்குப் பின் தேதி பின்தங்கியிருந்தால், பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று கணினி மறுக்கும். இணையம் கிடைத்துத் தேதி சரியானபின் மீண்டும் முயல வேண்டும்.

2. நிறுவும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டு கெடக்கூடும். ஐப்பசி இடிமழை நாட்களில் இவ்வேலையைத் தவிர்க்கவும். யூ.பி.எஸ். இணைத்திருப்பது நல்லது. வேலை பாதியில் நின்றிருந்தால், அடுத்து இட வேண்டிய கட்டளையைத் திரையே பெரும்பாலும் காட்டும்.

3. டெபியனின் பெரிய பதிப்பு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறும். 2021 ஆகஸ்டில் 11-ஆம் பதிப்பு வந்ததும் 10-ஆம் பதிப்பு 'பழையது' என்று பெயர் மாறியது. அதனால் அதை வைத்திருந்த பல கணினிகள் அனுமதி தரும்வரை பட்டியலைப் புதுப்பிக்க மறுத்தன. இத்தகைய செய்தி வந்தால் நிதானமாகப் படித்துப் பார்த்து அனுமதி அளிக்கலாம். பெரிய பதிப்புக்கு மாறும்போது, வேறொரு கார்டில் புதிதாக நிறுவுவதே பத்திரமான முறை. பழைய கார்டை எடுத்து வைத்திருந்தால், பிழை நேரும்போது மாற்றிக் கொள்ளலாம்.

பூக்கும் பருவத்தில், பாசனம் தவறக் கூடாத நாட்களில், எந்தப் பெரிய மாற்றமும் வேண்டாம். பயிரில்லாத காலமே இதற்கு ஏற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டாரைக் கையால் இயக்கும் சுவிட்சை எக்காரணம் கொண்டும் அகற்றக் கூடாது. கணினி நின்றாலும் தண்ணீர் பாய வேண்டும்.