நுளம்பின் குடலும் மலேரியாவும்

மலேரியா என்றதும் எம் வயதை ஒத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குளோரோகுயின் மாத்திரையின் கசப்புத்தான். அடுத்தது, இரண்டு போர்வை போர்த்தினாலும் அடங்காத அந்த நடுக்கம். இங்கே பிறந்து வளரும் எமது பிள்ளைகளுக்கு இவை இரண்டும் தெரியா. தெரியாமல் இருப்பது நல்லதே. ஆனால் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 26 கோடியே 30 இலட்சம் பேரை மலேரியா பீடித்தது என்றும் 597,000 பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இறந்தவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆபிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுள்ளும் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

மருந்துக்கு ஒட்டுண்ணி பழகிவிடுகிறது. பூச்சிகொல்லிக்கு நுளம்பு பழகிவிடுகிறது. எனவே ஆராய்ச்சியாளர் சிலர் இப்போது வேறோர் இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். அது நுளம்பின் குடலில் வாழும் பக்ரீரியாக்கள். "நுளம்பின் வயிற்றுக்குள்ளும் பக்ரீரியாவா?" என்று சிரிக்க வேண்டாம். எமது குடலில் வாழ்வது போலவே அதன் குடலிலும் வாழ்கின்றன.

இதை விளங்கிக்கொள்ள அந்தச் சின்னஞ்சிறு வயிற்றுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். முதலில் எட்டிப் பார்த்தவர் ரொனால்ட் றொஸ். 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி, செகந்திராபாத்தில் இராணுவ வைத்தியராக இருந்த அவர், மலேரியா நோயாளியைக் கடித்த அனோபிலிஸ் நுளம்பு ஒன்றைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணி உருண்டைகளாக ஒட்டியிருப்பதைக் கண்டார்.

நோயாளியின் இரத்தத்தோடு ஆயிரக்கணக்கான ஒட்டுண்ணிகள்கூட நுளம்பின் வயிற்றுக்குள் போகலாம். ஓரிரு நாளுக்குள் அவற்றில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிடும். குடற்சுவரைத் துளைத்து மறுபுறம் போய் உருண்டையாக நிலைகொள்பவை பெரும்பாலும் ஐந்துக்கும் குறைவு. ஆனால் அந்த ஓரிரண்டே போதும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஓர் உருண்டை வெடித்தால் ஆயிரக்கணக்கான புதிய ஒட்டுண்ணிகள் புறப்பட்டு நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேரும். அதன் பின் கடி வாங்குபவருக்கு நோய். எம்மவர்க்குப் புரியும்படி சொன்னால், ஒட்டுண்ணியின் பயணத்தில் மிக இறுக்கமான சோதனைச் சாவடி நுளம்பின் குடல்தான்.

குடற் பக்ரீரியாக்கள் குடியிருப்பது அந்தச் சாவடியிலேயே. நுளம்பு இரத்தம் குடித்ததும் அவை பல நூறு மடங்காகப் பெருகுகின்றன. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் அன்ரிபயோட்டிக் கொடுத்து நுளம்புகளின் குடலைத் துப்புரவாக்கிப் பார்த்தார்கள். அந்த நுளம்புகளில் மலேரியா ஒட்டுண்ணி முன்னரிலும் கூடுதலாக வளர்ந்தது. இதனை 2009இல் வெளியிட்டார்கள். 2011இல், சாம்பியாவில் பிடித்த நுளம்புகளின் குடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வகை என்ரரோபக்ரர், ஒட்டுண்ணியை ஏறக்குறைய முழுமையாகவே தடுப்பதைக் காட்டினார்கள். ஒட்சிசனிலிருந்து உண்டாகும் வீரியமான மூலக்கூறுகளை அது வெளியிடுகிறது. ஒட்டுண்ணியால் அவற்றைத் தாங்க முடிவதில்லை.

இவற்றை எப்படி இனங்காண்கிறார்கள்? குடற் பக்ரீரியாக்களில் பலவற்றை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க முடியாது. எல்லாப் பக்ரீரியாக்களுக்கும் பொதுவான ஒரு மரபணுவை எடுத்து, அதன் எழுத்து வரிசையில் உள்ள சிறு வேறுபாடுகளை வாசித்து, இது இன்னார் என்று சொல்கிறார்கள். வீட்டு வாசலில் உள்ள பெயர்ப்பலகையை வாசிப்பது போல.

அடுத்த படி, பக்ரீரியாவின் மரபணுவையே மாற்றுவது. 2012இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழு பன்ரோயா என்ற குடற் பக்ரீரியாவுக்குள் ஒட்டுண்ணியைத் தாக்கும் புரதங்களுக்கான மரபணுக்களைப் புகுத்தியது. அவற்றில் ஒன்று தேளின் நஞ்சிலிருந்து வந்தது. சீனித் தண்ணீரில் நனைத்த பஞ்சு வழியாக இந்தப் பக்ரீரியாவை நுளம்புகளுக்கு ஊட்டியபோது, ஒட்டுண்ணி வளர்ச்சி 98 வீதம் வரை குறைந்தது. நுளம்பு சாகவில்லை, அது காவுகின்ற நோய்தான் தடைப்பட்டது. 2017இல் இன்னொரு பக்ரீரியா வந்தது. அனோபிலிஸ் ஸ்ரெபன்சி நுளம்பின் சூலகத்திலிருந்து எடுக்கப்பட்ட செரேசியா அது. புணர்ச்சியின்போது ஆணிலிருந்து பெண்ணுக்கும், முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் தானாகவே பரவி, கூண்டுக்குள் மூன்று தலைமுறைகளுக்காவது நிலைத்தது. நாம் வாசித்தவற்றுள் எம்மை மிகவும் வியக்க வைத்தது இதுதான். மிகவும் யோசிக்க வைத்ததும் இதுதான்.

தானாகப் பரவும் உயிரைத் திறந்தவெளியில் விட்டால் திருப்பி அழைக்க முடியாது. பக்ரீரியாக்கள் தமக்குள் மரபணுக்களைக் கைமாற்றும் பழக்கமுடையவை. புகுத்திய மரபணு வேறெங்கும் போகாதென்று உறுதி சொல்வது கடினம். செரேசியாவின் உறவினர் சிலர் வைத்தியசாலைகளில் பலவீனமான நோயாளிகளுக்குத் தொற்று ஏற்படுத்துவதும் வைத்தியர்கள் அறிந்ததே.

ஆகவே மரபணு மாற்றம் செய்யாத பக்ரீரியாக்கள் மீது எமக்குக் கூடுதல் நம்பிக்கை. ஸ்பெயினில் ஜி.எஸ்.கே. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், வளர்த்த நுளம்புக் கூட்டமொன்றில் மலேரியாத் தொற்று ஏறாமல் போனது. ஏன் என்று தேடியபோது டெல்பிற்றியா என்ற பக்ரீரியா அகப்பட்டது. அது ஹார்மேன் என்னும் பொருளைச் சுரந்து ஒட்டுண்ணியின் ஆரம்ப வளர்ச்சியைத் தடுக்கிறது. புர்க்கினா பாசோவில் வலையால் மூடிய பரிசோதனைக் களத்திலும் இதைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். தற்செயலாகக் கிடைத்தது என்பதற்காக இதன் மதிப்புக் குறையாது. பெனிசிலினும் அப்படி வந்ததுதானே.

டெங்குவுக்காக வொல்பாக்கியா பக்ரீரியா ஏற்றிய நுளம்புகளை விடுவதைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் அதனால் டெங்கு 77 வீதம் குறைந்ததாக 2021இல் வெளிவந்தது. அந்த நுளம்பு ஈடிஸ், நோய் வேறு. ஆனால் ஊர் மக்களிடம் முதலில் பேசி, சம்மதம் பெற்று, பின்னர் விடும் முறை அங்கு நன்றாக நடந்தது. அதே புர்க்கினா பாசோவில், மரபணு மாற்றிய நுளம்புகளை ஆராய்ந்த ராகெட் மலேரியா திட்டத்தை 2025 ஓகஸ்டில் அரசு நிறுத்தியது. ஆய்வுகூடத்தில் வென்ற ஒன்று கிராமத்துக்குப் போகுமா என்பதை, அங்கே பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாய் தகப்பன்மாரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும் என்பது எம் கருத்து. அகதியாக வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், தம்மைக் கேட்காமல் தமக்காகச் செய்யப்படும் நல்லவை எப்படியிருக்கும் என்று.

எமது தாயகத்துக்கு இதில் என்ன? இலங்கையில் 1963இல் வெறும் 17 பேருக்கே மலேரியா கண்டது. வேலை முடிந்தது என்று கவனம் தளர்ந்தது. 1968, 1969இல் இலட்சக்கணக்கானோர் படுத்தார்கள். தொண்ணூறுகளில் மருத்துவ மாணவராக வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்த நாட்களில், நுணுக்குக்காட்டியில் ஒட்டுண்ணியைத் தெளிவாகக் கண்டும் கொடுக்க மாத்திரை இல்லாமல் நாம் நின்றதுண்டு. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே மன்னாரில் ஸ்ரெபன்சி நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும். இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் இனம் இது. கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். எங்கள் முற்றத்தில் இவற்றுக்குக் குறைவில்லை.

நுளம்புக்கு ஊட்டும் பக்ரீரியா கிராமங்களுக்குப் போவதற்கு இன்னும் ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை விடுமுறைக்கு இந்தியாவோ ஆபிரிக்காவோ போகிறவர்கள், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னராவது குடும்ப வைத்தியரிடம் போங்கள். எந்த ஊர், எத்தனை நாள் என்று சொன்னால்தான் மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்யலாம். "நாங்கள் ஊரில் பிறந்தவர்கள், எங்களுக்கு ஒன்றும் வராது" என்று பெரியவர்கள் சொல்வது தவறு. மலேரியாவுக்கு எதிராக உடலில் இருந்த பாதுகாப்பு, வெளிநாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்ததும் போய்விடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது ஒருபோதும் இருந்ததில்லை.

திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் பனடோலோடு படுத்துவிடாமல் அன்றே வைத்தியரிடம் போய், எங்கே போய் வந்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். இங்குள்ள வைத்தியர்களில் பலர் மலேரியாவை நேரில் கண்டதில்லை. முதல் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் திரும்பச் செய்யக் கேட்கலாம். இந்தியாவில் பரவலாக உள்ள வைவக்ஸ் வகை ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பின்னர் எழும்பும். அதை ஈரலிலிருந்து அகற்ற பிறிமாகுயின் என்ற மாத்திரை வழக்கமாக 14 நாள் கொடுக்கப்படுகிறது. ஆனால் ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்களில் அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அக்குறைபாடு எம்மவர் சிலரிடமும் உண்டு. மாத்திரையைத் தொடங்குமுன் அதற்கான இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.