மெர்ல் ஓபரான்: கல்கத்தாவில் வளர்ந்த ‘குவீனி’

1930-களில் லண்டனும் ஹாலிவுட்டும் கொண்டாடிய இந்த முகம் வளர்ந்தது கல்கத்தாவில். பம்பாயில் 1911-இல் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்து, 1917-இல் அங்கு வந்தார். வளர்த்த பாட்டி ஷார்லட், இலங்கையில் பிறந்தவர். உதவித்தொகையில் லா மார்ட்டினியர் பள்ளியில் சேர்ந்த, ‘குவீனி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட சிறுமி, கலப்பினத்தவள் என்ற ஏச்சு பொறுக்காமல் நின்றுவிட்டாள். பிறகு டெலிபோன் ஆபரேட்டர் வேலை, அமெச்சூர் நாடக மேடை, சௌரங்கியில் ஃபிர்போஸ் உணவகத்து மாலைகள்.

பின்னர் லண்டன் போனார். 1933-இல் ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி VIII’ படத்தில் ஆன் பொலினாகச் சில நிமிடங்களே வந்தார், அதுவே போதுமாயிருந்தது. ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத் தந்தது. ‘வதரிங் ஹைட்ஸ்’ (1939) படத்தில் லாரன்ஸ் ஒலிவியருக்கு ஈடாக நின்றார். அவர் முகத்துக்கென்றே கேமராவை ஒட்டிப் பொருத்தப்பட்ட விளக்குக்கு ‘ஓபி’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஆனாலும் விளக்கு மட்டுமே அந்த அழகைச் செய்துவிடவில்லை.

படக் கம்பெனி விளம்பரமோ அவரை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரி என்றது. வெள்ளையர்க்கே நாயகி வேடம் தந்த காலம் அது. அந்தக் கதையைப் பல்லாண்டுகள் அவர் விடவில்லை. 1979-இல் இறந்தார், 1983-இல் வெளியான வாழ்க்கை வரலாறு பம்பாயையும் கல்கத்தாவையும் வெளிக்கொண்டுவந்தது.